எஸ்பிஎம் முடிந்தது, ஊசி பிடிக்க எங்கே கற்பது?

போன மாதம் செந்தூலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் காகிதங்கள் பரப்பிக் கிடந்தன. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பிக்க, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த அக்கா மகள் அச்செடுத்து வைத்திருந்த தாள்கள், ஒரு தனியார் கல்லூரியின் பளபளப்பான கையேடு, அப்புறம் ஜாலான் ஈப்போ கிளினிக் டாக்டர் ஒருவரின் போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு. "நீதான் இதே வேலையில இருக்கியே, நீயே சொல்லுப்பா, பிள்ளைய எதுல சேர்க்கிறது?" என்றார் அக்கா.

கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 14 வருடமாக எம்.ஏ. (மெடிக்கல் அசிஸ்டன்ட்) வேலை பார்க்கிறேன். அன்று தோசை ஆறிப்போகிற அளவுக்குப் பேசினோம். இதே கேள்வியோடு வேறு சிலரும் போன் செய்வதால், பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். அக்கா மகள் யூடியூபில் பார்த்து வைத்திருந்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்க வீடியோக்கள். அங்கே மெடிக்கல் அசிஸ்டன்ட் என்றால் டாக்டரின் கிளினிக்கில் பிரஷர் பார்த்து, விவரம் எழுதி, ரத்தம் எடுத்துக் கொடுப்பவர். அதற்குச் சில மாதப் படிப்பிலிருந்து இரண்டு வருடப் படிப்பு வரை உண்டு. நம் மலேசியாவில் எம்.ஏ. என்பது வேறு. மூன்று வருட டிப்ளோமா படித்து, 1977 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி வாரியத்தில் பெயரைப் பதிந்துகொண்டவர்தான் எம்.ஏ. அரசாங்கத்தில் பதவிப் பெயர் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், சுருக்கமாகப் பிபிபி. காயம் தைப்பது, மாவுக்கட்டு போடுவது, சிறுநீர்க் குழாய் வைப்பது, ஆம்புலன்ஸில் போவது, சுகாதாரக் கிளினிக்கில் நோயாளியைப் பரிசோதிப்பது என்று வேலை விரியும். அமெரிக்க வீடியோவில் இருப்பவரின் வேலைக்கு நம் ஊரில் நெருங்கிய ஆள் கிளினிக் அசிஸ்டன்ட். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பணம் கட்டிவிட்டு, பிறகு அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

வயதான தமிழர்கள் இன்னும் எங்களை 'டிரசர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டையோடு, கிராணிக்கு (தோட்டத்து எழுத்தருக்கு) அடுத்த மரியாதையோடு இருந்தவர் அவர். தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கென்று 1965-இல் தனிப் பதிவுச் சட்டமே வந்தது. அந்தக் காலத்து டிரசர் ஒருவர் பிரசவம் பார்த்து, பல் பிடுங்கி, மலேரியாவுக்கு மருந்தும் கொடுத்த கதை நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும். அந்த நினைப்பில்தான் "கூட இருந்து பழகினா போதும், படிப்பு எதுக்கு" என்று சில பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பழகினால் கை வரும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பதிவு வராது.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? அக்கா கட்டணத்தை வைத்து ஒப்பிட்டார். அத்தான் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தார். இரண்டும் நியாயமான கவலைதான். ஆனால் செய்முறைப் பயிற்சி என்று வரும்போது நான் முதலில் கேட்பது வேறு: இந்தப் பிள்ளை போடப்போகும் முதல் நூறு ஊசியை யார் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறார்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையே போதும். இரண்டாம் ஆண்டு மாணவனாக வார்டில் இருந்தேன். பயிற்சிக் கூடத்து ரப்பர் கையில் எனக்கு நல்ல பேர். ரப்பர் கையில் நரம்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நூறு பேர் குத்திய தடம் அதில் பள்ளமாகவே இருக்கும். வார்டில் எனக்குக் கிடைத்தது டிங்கிக் காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு பாட்டியின் கை. தோல் வெற்றிலை மாதிரி மெல்லிசு, நரம்பு விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. டோர்னிக்கே (கையை இறுக்கும் பட்டை) கட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது என்பது பாடத்தில் படித்ததுதான். தேடிய பதற்றத்தில் அது மறந்தே போயிற்று. ஒருவழியாக ரத்தம் வந்தது. ஊதா மூடிக் குழாயை முதலில் நிரப்பினேன். மஞ்சள் மூடிக் குழாய்க்குப் போதவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று ஊதாவில் இருந்ததைக் கொஞ்சம் மஞ்சளில் ஊற்றிவிட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து போன். பாட்டிக்குப் பொட்டாசியம் 8-க்கு மேல், கால்சியம் பாதாளத்தில். பொட்டாசியம் சாதாரணமாக 3.5-லிருந்து 5 வரைதான் இருக்க வேண்டும். 8 என்றால் இதயம் எந்த நிமிடமும் நிற்கலாம் என்று டாக்டர் ஓடி வருகிற எண். பாட்டியோ உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ என்ற உப்பு இருக்கிறது. அதில் பொட்டாசியம் உண்டு, கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நான் ஊற்றியது ரத்தத்தை மட்டும் இல்லை, அந்த உப்பையும்தான். ஆய்வுக்கூடத்துக்காரர் எண்ணைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். என் பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. மறுபடி பாட்டியிடம் போய், நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவர் முன்னாலேயே மறுபடி எடுக்க வைத்தார். குழாய் வரிசை எனக்கு அன்றிலிருந்து மறந்ததே இல்லை: கல்ச்சர் குப்பி, நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல்.

அந்தப் பயிற்றுநர் இல்லாத இடத்தில் இதே தப்பு நடந்திருந்தால்? யாரோ ஒருவர் மறுபடி ரத்தம் எடுத்திருப்பார், நான் அதே தப்பை வருடக்கணக்கில் செய்துகொண்டே இருந்திருப்பேன். மேசையில் இருந்த மூன்று காகிதங்களையும் இந்தக் கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன்.

அரசாங்கப் பயிற்சிக் கழகத்திலிருந்து தொடங்குவோம். எம்.ஏ. படிப்புக்குச் சிரம்பானும் ஈப்போவுக்குப் பக்கத்து உலு கிந்தாவும் பெயர்பெற்ற இடங்கள். இங்கே பெரிய பலம், கழகமும் ஆஸ்பத்திரியும் ஒரே அமைச்சின் கீழ் இருப்பது. வார்டுக்குப் போனால் மாணவர்களைப் பார்த்துப் பழகிய ஆட்கள் இருப்பார்கள். "யார் நீ, எங்கிருந்து வர்ற?" என்ற கேள்வியே இல்லை. நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. அவசரப் பிரிவில் ஒரு சனிக்கிழமை ராத்திரி நின்றால், தைக்கிற கையும் மாவுக்கட்டுப் போடுகிற கையும் தானாக வேகம் பிடிக்கும். பணச் சுமையும் தனியாரை விடக் குறைவு.

சிக்கல், இடம் கிடைப்பது. எஸ்பிஎம்மில் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் உட்பட ஐந்து கிரெடிட் (வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம்), ஆங்கிலத்திலும் சரித்திரத்திலும் தேர்ச்சி என்பது வாசற்படிதான். அதற்கு மேல் போட்டியும் நேர்காணலும் இருக்கின்றன. நேர்காணல் மலாயில் நடக்கும். வீட்டில் தமிழ், பள்ளித் தோழிகளோடு கலவை மொழி என்று வளர்ந்த பிள்ளைகள் அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பதில் தெரியும், வாக்கியம் வராது. அக்கா மகளிடம், "தினம் பத்து நிமிஷம், ஒரு நோயாளிகிட்ட பேசற மாதிரி மலாய்ல பேசிப் பழகு" என்றேன். அப்புறம், சேரும்போது கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும், படிப்பு முடிந்ததும் எந்த வகை வேலை, எங்கே அனுப்புவார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொன்ன நிபந்தனைதான் இந்த வருடமும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

"சிரம்பான்னா ஹாஸ்டல்ல விடணுமே" என்று அத்தான் இழுத்தார். செந்தூல் ஸ்டேஷனில் ஏறினால் அதே கொமுட்டர் ரயில் சிரம்பானுக்குப் போகிறது என்றேன். பத்துமலைக்குப் போகிற அதே பாதைதான், எதிர்த்திசையில். அவருக்குக் கொஞ்சம் முகம் தெளிந்தது.

அடுத்தது தனியார் கல்லூரி. இங்கேதான் நன்றாக விசாரிக்க வேண்டியிருக்கிறது. நல்ல கல்லூரியும் இருக்கிறது, வெறும் கட்டடமும் இருக்கிறது. கையேட்டில் இரண்டுமே ஒரே மாதிரி சிரிக்கும். கட்டணம் பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்). பெரும்பாலோர் பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்வி நிதி எடுத்துத்தான் படிக்கிறார்கள். அது கடன், திருப்பிக் கட்ட வேண்டியது. படித்து முடித்தால் அரசாங்க வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

முதலில் வீட்டிலிருந்தபடியே பார்க்க வேண்டியது, அந்த டிப்ளோமா எம்கியூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு) பதிவேட்டில் முழு அங்கீகாரத்தோடு இருக்கிறதா என்பது. தற்காலிக அங்கீகாரம் என்று இருந்தால், ஏன், எவ்வளவு நாளாக என்று கேட்க வேண்டும். அந்தப் படிப்பை எம்.ஏ. வாரியம் ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் கல்லூரியின் வாய்வார்த்தையாக இல்லாமல் வாரியத்திடமே கேட்பது நல்லது. பெயரில் 'மெடிக்கல்', 'ஹெல்த்கேர்', 'அசிஸ்டன்ட்' என்றெல்லாம் இருந்தும் பதிவுக்கு உதவாத படிப்புகள் இருக்கின்றன.

இரண்டாவது, நேரில் போவது. வரவேற்பறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்துவிடக் கூடாது. செய்முறைக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். நான் அக்கா மகளோடு ஒரு கல்லூரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். கூடம் பளிச்சென்று இருந்தது. ரப்பர் கைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக இருந்தன. ஊசிக் கழிவுப் பெட்டி காலி. தரையில் ஒரு பஞ்சுத் துணுக்கு கூட இல்லை. சமைக்காத அடுப்படி மாதிரி. நன்றாக ஓடுகிற செய்முறைக் கூடத்தில் பிளாஸ்டர் ஒட்டிய மேசையும், குத்திக் குத்தி நைந்த ரப்பர் தோலும், பாதி நிரம்பிய மஞ்சள் பெட்டியும் இருக்கும். கூட வந்த விற்பனைப் பிரிவுப் பெண் நல்ல பெண்தான். ஆனால் "ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்?" என்று கேட்டதற்கு, "எங்கள் கட்டடம் எல்ஆர்டிக்கு ஐந்து நிமிடம்" என்றாள்.

கேட்க வேண்டிய கேள்விகளை அன்று வரும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கித் தே தாரே குடித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன். வார்டுப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், மொத்தம் எத்தனை வாரம்? அதே நேரத்தில் அங்கே வேறு எத்தனை கல்லூரிகளின் மாணவர்கள் நிற்பார்கள்? ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால், பதினான்கு பேர் கற்றுக்கொள்வது எட்டிப் பார்க்கத்தான். கல்லூரியின் பயிற்றுநர் வார்டுக்குக் கூட வருவாரா, இல்லை ஆஸ்பத்திரி ஊழியர் தலையில் கட்டிவிடுவார்களா? லாக் புத்தகத்தில் பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று தனித்தனியாகக் கையெழுத்து உண்டா? முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் லாக் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே பேனாவில், ஒரே சாய்வில் முப்பது கையெழுத்து இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இதற்கு வருகிற பதிலை வைத்தே நான் கல்லூரிக்கு மதிப்பெண் போடுவேன். மாணவருக்கு ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வீர்கள்? தடுமாறாமல் பதில் வர வேண்டும். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, உடனே மேலாளரிடம் சொல்லிப் படிவம் எழுத வேண்டும், நோயாளியின் ரத்தமும் மாணவரின் ரத்தமும் பரிசோதனைக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, பொதுவாக ஆறு மாதத்தில் முடிவது. வார்டுக்கு அனுப்பும் முன்பே அதைத் தொடங்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லத் தெரியாத கல்லூரி, பிள்ளையை வார்டுக்கு அனுப்பத் தயாராக இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இனி அந்தத் துண்டுச் சீட்டு. கிளினிக் வேலை.

இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நாளைக்கு எண்பது பேர் வருகிற கிளினிக்கில் ஆறு மாதம் நின்ற பிள்ளைக்கு வகுப்பறையில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: நோயாளியின் முகம் படிக்கத் தெரியும். காய்ச்சல் என்று வந்தவர் உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே, இவரை வரிசையில் காக்க வைக்கக் கூடாது என்று தெரியும். பிரஷர், சர்க்கரை, இசிஜி, நெபுலைசர், காயத்துக்குக் கட்டு எல்லாம் கை பழகும். சம்பளமும் வரும். 2025 ஆகஸ்டிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது ஐந்து பேருக்குக் குறைவான ஆள் உள்ள சின்ன கிளினிக்குக்கும் சேர்த்துத்தான். "இது பயிற்சிக் காலம்மா" என்று சொல்லி 1,000 கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதே என்றேன்.

ஆனால் கற்றுக்கொடுப்பவர் யார்? பெரும்பாலும் உனக்கு முன்னால் சேர்ந்த அக்கா. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருக்கு முன்னால் இருந்தவர். நல்லதும் வரும், தப்பும் வாரிசாக வரும். ஊசி மூடியைத் திரும்பப் போடுவது, கழிவுப் பெட்டி வாய்வரை நிரம்பும் வரை அழுத்துவது, கையுறை மாற்றாமல் அடுத்த ஆளைத் தொடுவது எல்லாம் இப்படிப் பரம்பரையாகத் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கு உள்ளே ஆள் காத்திருக்கும், வெளியே வந்து பார்க்க நேரம் இருக்காது. மருந்து கொடுப்பதிலும் ஒரு கோடு உண்டு. 1952 ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டத்தின்படி, அந்தச் சட்டத்தில் அடங்கும் மருந்துகளை டாக்டரே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய நேரடிக் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும். டாக்டர் மதியம் வெளியே போயிருக்கும்போது "பழைய மருந்துதானே, குடுத்து அனுப்பு" என்று சொன்னால், மாட்டிக்கொள்வது கவுன்டரில் நிற்கிற பிள்ளையும்தான். ஊசி போடச் சொன்னாலும் அப்படியே. ஏதாவது தப்பாகிவிட்டால் காட்டுவதற்கு உன்னிடம் பதிவு எண் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா செந்தூல் பக்கம் ஒன்பது வருடம் கிளினிக்கில் இருக்கிறார். குழந்தையின் கையில் நரம்பு கிடைக்கவில்லை என்றால் அவரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கே தோன்றும், அவ்வளவு கை. கிளினிக் டாக்டர் ஓய்வுபெற்று மூடினால் அடுத்த கிளினிக்கில் மறுபடி அடிமட்டச் சம்பளத்திலிருந்து தொடங்குவார். அதுதான் விஷயம். ஆறு மாதத்துக்கு அருமையான இடம், ஒன்பது வருடத்துக்குக் கிடையாது.

வார இறுதிக் குறுகிய படிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இதய இயக்க மீட்பு (சிபிஆர்) வகுப்புக்குப் போகலாம், எந்தப் பாதை எடுத்தாலும் உதவும். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தலுக்கு 2 மூச்சு என்று கை வலிக்க ஒருமுறை செய்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு நாளில் ரத்தம் எடுக்கும் நிபுணர் ஆக்குகிறோம் என்கிற வகையறாவுக்குப் பணம் கட்டுவதை விட அந்தக் காசில் ஒரு நல்ல ஸ்டெதஸ்கோப் வாங்கலாம்.

அக்கா மகளுக்கு ஒரு சின்னச் சோதனையும் வைத்தேன். இசிஜி படம் இணையத்தில் ஆயிரம் இருக்கிறது, வி1 என்ற முனையை எங்கே ஒட்டுவது என்று கேட்டேன். "நெஞ்சுக்கு வலது பக்கம்" என்றாள். எத்தனையாவது விலா இடைவெளி? நாலாவது என்றாள், சரி. எப்படி எண்ணுவாய்? அங்கே நின்றுவிட்டாள். கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கு, நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டும், அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா, அங்கிருந்து எண்ணு என்றேன். தன் நெஞ்சிலேயே தடவிப் பார்த்து, "இருக்கு மாமா!" என்று கத்தினாள். படத்தில் அவள் நூறு தடவை பார்த்த இடம்தான்.

கடைசியில் நான் சொன்ன வரிசை இது. அரசாங்கக் கழகத்துக்கு விண்ணப்பம் போடு. பதில் வர மாதங்கள் ஆகும், அதுவரை ஜாலான் ஈப்போ கிளினிக்கில் சேர், ஆனால் ஊசியும் மருந்துக் கவுன்டரும் வேண்டாம் என்று முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடு. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த முறை மறுபடி போடு. அதற்கும் கிடைக்காவிட்டால்தான் தனியார், அதுவும் அந்தக் கேள்வித்தாளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த கல்லூரி. உறை பிரிக்காத ரப்பர் கை இருந்த இடம் வேண்டாம். அத்தானுக்கு இது நீண்ட வழியாகப் பட்டது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை மூணு வருஷத்துல முடிச்சிடும், நம்மது இன்னும் கிளினிக்குல நிக்குமே" என்றார். இருபது வயதில் ஒரு வருடம் போவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாற்பதில் கடனோடும் பதிவு இல்லாமலும் நிற்பது தெரிகிறது. அத்தான் பாதிதான் ஒத்துக்கொண்டார்.

விண்ணப்பம் போயாகிவிட்டது. கிளினிக்கில் சேர்ந்து மூன்று வாரம். நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது அக்கா மகள் போன் செய்தாள். ஒரு பாட்டிக்கு பிரஷர் 168 காட்டியதாம். பாட்டிக்குக் கை கொஞ்சம் பருமன், கஃப் (கையில் சுற்றும் பிரஷர் பட்டை) சுற்றிக் கட்டப் போதாமல் இழுத்து ஒட்டியிருந்ததைப் பார்த்து, அலமாரியில் தேடிப் பெரிய கஃப் எடுத்து, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்துக்கு வைத்து மறுபடி எடுத்தாளாம். 146.

"எந்த நம்பர மாமா கார்டுல எழுதறது?"

"ரெண்டையும் எழுது. எந்தக் கஃப்னும் எழுது."

"அப்படித்தான் எழுதினேன்" என்றாள்.